முதல் பருந்து: பழக்கத் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

டெக்சாஸிலிருந்து:

அமெரிக்காவில் வேட்டைப் பருந்து பழக்கும் ஆசை வந்தால் பணம் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். பறவைக்கான கூண்டறையை அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் நம்மைச் சீடராக ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பிறகு குறைந்தது 2 ஆண்டுகள் சீடர் நிலைதான். அதுவரை கையில் ஒரே பறவை. இவற்றில் படிப்பதும் கட்டுவதும் எளிது, ஆசான் கிடைப்பதுதான் பாடு.

எனக்கு வாய்த்தவர் முதலில் பருந்தையே காட்டவில்லை. தராசைக் காட்டினார், முடிச்சைக் காட்டினார். இடக்கையில் பறவை நிற்கும் என்பதால் அதன் கட்டுவாரை வலக்கை ஒன்றாலேயே முடிய வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும். சமையலறை நாற்காலிக் காலில் கட்டிப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டும் முடிச்சுப் போட வந்த பிறகுதான் என்னை வண்டியில் ஏற்றினார்.

இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து சிவப்புவால் பருந்துகள் இறங்கி வந்து மின்கம்பங்களில் உட்கார்ந்திருக்கும். சீடர் எடுக்கக்கூடியது அந்த ஆண்டு பிறந்ததை மட்டும். அதற்கு வால் இன்னும் சிவந்திருக்காது. பழுப்பில் பட்டை பட்டையாக இருக்கும், கண் வெளிர் மஞ்சள். இளம் பருந்துகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. குஞ்சு பொரிக்கும் வயதில் உள்ளவற்றை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றை எடுத்தால் இனத்துக்குப் பாதகமில்லை என்பது கணக்கு. வேட்டைக்குப் பின் திரும்பக் காட்டிலேயே விடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

பொறியின் பெயர் பால்-சத்ரி. நம் இந்தியாவிலிருந்து போன சரக்குதான். கம்பிவலைக் கூண்டுக்குள் ஓர் எலி. கூண்டின் மேல் முழுவதும் நைலான் சுருக்குகள். கம்பத்தைக் கடக்கும்போது வண்டிக் கதவைத் திறந்து ஓரப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பல கம்பங்களில் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்று கழுத்தை நீட்டியது, தலையை இப்படியும் அப்படியும் அசைத்தது, பிறகு சிறகை மடக்கிக்கொண்டு சரிந்தது. விரல் சுருக்கில் மாட்டியதும் ஆசான் ஓடிப்போய்த் துணியைப் போர்த்தினார். கூண்டுக்குள் இருந்த எலிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதன்பின் வீட்டு வரவேற்பறையில் கையுறையில் பறவையோடு உட்கார்ந்திருப்பதே வேலை. குக்கர் விசில் அடித்தால் போதும், கையை விட்டுப் பாய்ந்து வாரில் தலைகீழாகத் தொங்கும். மெதுவாகத் தூக்கி மறுபடி கையில் நிறுத்த வேண்டும். நான் அதன் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது முதன்முறை குனிந்து என் கையிலிருந்த இறைச்சியைக் கிழித்தது. சைவ வீட்டில் ஃபிரீசரின் மேல்தட்டு எலிக்கும் காடைக்கும் போனது தனிக்கதை. அதை என் மனைவி எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

பருந்து நம்மிடம் பாசம் வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கையில் சாப்பாடு வரும், நாம் கிளறும் புதரிலிருந்து முயல் ஓடும். அதற்காகத்தான் திரும்பி வருகிறது. அதனால்தான் தினமும் தராசு. என் பறவை 1,200 கிராமை ஒட்டியது. 30 கிராம் கூடினாலே மரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கண்டுகொள்ளாது. பட்டினி போடுவது என்று இதைச் சிலர் தவறாக நினைக்கிறார்கள். எடை அளவுக்குக் கீழே போனால் பறவை செத்தே போகும். பசியும் தெம்பும் ஒன்றாக இருக்கும் எடையைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் பருவம் முழுக்கப் போனது.

அபுதாபியிலிருந்து:

எனக்குச் சொந்தப் பறவை கிடையாது. ஃபால்கன்கள், அதாவது வேட்டை வல்லூறுகள், வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் வேலை. இங்கே அமெரிக்க முறை போல் தேர்வெல்லாம் எழுதி யாரும் கற்பதில்லை. மஜ்லிஸ் என்ற விருந்தினர் கூடத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டும் காவா என்ற அரபுக் காபி குடித்துக்கொண்டும் இருக்க, நடுவில் 'வக்ர்' என்ற தாங்கியில் பறவை நிற்கும். கூட்டம் பழகட்டும் என்றுதான். கண்ணை மூடும் தோல் தொப்பி 'புர்கா'. அதன் வாரை ஒரு பக்கம் பல்லாலும் மறுபக்கம் விரலாலும் இழுத்து இறுக்குவார்கள். நான் கற்றுக்கொண்ட முதல் வேலை அதுதான்.

1999-இல் தொடங்கிய ஃபால்கன் மருத்துவமனைக்குப் பறவையைக் கொண்டுபோகும் வேலையும் என்னுடையது. காத்திருக்கும் அறையில் வரிசையாகத் தொப்பி போட்ட பறவைகள். ஒரு சத்தம் இருக்காது. ஒடிந்த இறகை ஒட்டுவதை அங்கே பார்த்தேன். முன்பு உதிர்ந்து சேமித்து வைத்த இறகுகளில் அதே இனம், அதே இடத்து இறகைத் தேடி எடுக்கிறார்கள். மெல்லிய குச்சி ஒன்றைப் பாதி புது இறகின் தண்டிலும் பாதி பழைய அடித்தண்டிலும் செருகிப் பசை போட்டதும் இணைப்பு கண்ணுக்கே தெரியவில்லை.

உள்நாட்டில் காட்டு வேட்டைக்குத் தடை. அதனால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவார்கள். பறவைக்கே பாஸ்போர்ட் உண்டு, 2002 முதல் தருகிறார்கள். என் விசா புதுப்பிக்க அலைந்த வாரத்தில் அதன் பாஸ்போர்ட்டை வாங்கி வரவும் என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு முன்பே அதற்குக் கிடைத்துவிட்டது.

இங்கிலாந்திலிருந்து:

இங்கே கூண்டில் பிறந்த ஹாரிஸ் பருந்தை வைத்துக்கொள்ள உரிமமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். அதுதான் ஆபத்து. காசு கொடுத்து வாங்கிவிட்டு, மழையில் தினமும் வெளியே போக மனமில்லாமல் விற்றுவிடுகிறார்கள். இங்கு ஹாரிஸைத்தான் தொடக்கப் பறவையாகப் பலரும் சொல்வார்கள். காட்டில் அது கூட்டமாக வேட்டையாடும் இனம் என்பதால் மனிதனையும் நாயையும் கூட்டாளிகளாக எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதலில் ஒரு குளிர்காலம் அனுபவமுள்ளவர் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று பலரும் கேட்கிறீர்கள். கோடையில் இறகு உதிர்க்கும் காலம். அப்போது பறக்க விடுவதில்லை, எடைக் கணக்கும் இல்லை; கூண்டறையில் வயிறு நிறையப் போட்டால் போதும். நான் அந்த நேரத்தில்தான் திருச்சிக்கு டிக்கெட் போடுகிறேன். கோழிக்குஞ்சு உணவை ஃபிரீசரில் நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, சாவியைச் சங்கத்து நண்பரிடம் கொடுத்துவிடுவேன். அவர் போகும்போது அவர் பறவைகள் என் பொறுப்பு.