24ஜே-யில் ஒரு என்பிஐ, 33ஏ-யில் வேறு என்பிஐ: ஏன்?

குரோம்பேட்டை_நைட்ஷிஃப்ட்:
அமெரிக்க மருத்துவ பில்லிங்கில் சார்ஜ் என்ட்ரிக்கு (சிகிச்சைக் கட்டண விவரங்களை ஏற்றும் வேலை) வந்து நான்கு மாதம் ஆகிறது. முதலில் பார்த்தது தனியாக பிராக்டிஸ் செய்யும் ஒரு அமெரிக்க டாக்டரின் கணக்கு. இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் 24ஜே, 33ஏ பெட்டிகள் இரண்டிலும் அவர் என்பிஐதான் (டாக்டர், கிளினிக்குகளுக்கான பத்து இலக்க அடையாள எண்) போடுவோம். இப்போது டெக்சாஸில் மூன்று டாக்டர்கள் இருக்கும் கிளினிக். அதே பழக்கத்தில் போட்டேன். 11 கிளெய்ம் சிஓ-16 (விவரம் குறை அல்லது பிழை), என்257 என்ற காரணக் குறியீடுகளோடு திரும்பிவிட்டன. என்பிஐ பதிவேட்டில் தேடினால் எண் சரியாகத்தான் இருக்கிறது. ஏன் தள்ளுகிறார்கள்?

பில்லிங்_அக்கா:
25-ஆம் பெட்டியில் யாருடைய டாக்ஸ் ஐடி (வரி எண்)?

குரோம்பேட்டை_நைட்ஷிஃப்ட்:
கிளினிக்குடையது அக்கா.

பில்லிங்_அக்கா:
அங்கேதான் இடிக்கிறது தம்பி. 24ஜே என்பது நோயாளியைப் பார்த்தவர். அது டாக்டரின் சொந்த எண், டைப் 1. வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் கூடவே வரும். 33ஏ என்பது பணம் கேட்பவர். குரூப் கிளினிக் என்றால் அதற்கென்று டைப் 2 எண் தனியாக இருக்கும். நீங்கள் டாக்ஸ் ஐடி கிளினிக்குடையதும் பில்லிங் என்பிஐ டாக்டருடையதுமாக அனுப்பியிருக்கிறீர்கள். என்257 சொல்வது அந்த பில்லிங் எண்ணைத்தான். 24ஜே-யில் தப்பு என்றால் என்290 வந்திருக்கும்.

இரண்டு எண்ணா என்று அலுக்காதீர்கள். நான் சேர்ந்தபோது மெடிகேருக்கு (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) ஒரு எண், ஒவ்வொரு இன்சூரன்ஸுக்கும் வேறு வேறு எண். டாக்டருக்கு ஒரு பக்கம் என்று நீள நோட்டு போட்டு, இன்சூரன்ஸ் வாரியாக எழுதி வைத்திருந்தேன். ஓரமெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். என்பிஐ கட்டாயம் என்ற 2007 மே 23 கெடு வந்து, அது நிலைத்த பிறகுதான் அந்த நோட்டை மூடினேன். அந்த நிம்மதி இன்னும் மறக்கவில்லை.

திருச்சி_ஏஆர்:
சாஃப்ட்வேர் ஏன் பிடிக்கவில்லை என்றால், அது பார்ப்பது பத்தாவது இலக்கத்தை மட்டும். எண்ணுக்கு முன்னால் 80840 சேர்த்துக் கணக்குப் போட்டு வரும் செக் டிஜிட் (தட்டச்சுத் தப்பைக் காட்டும் இலக்கம்) அது. 1234567893 என்பதை 1234567983 என்று அடித்தால் உடனே கத்தும். சரியான எண்ணைத் தப்பான பெட்டியில் போட்டால் அதற்குத் தெரியாது.

குரோம்பேட்டை_நைட்ஷிஃப்ட்:
புரிந்தது. ஈஓபியில் (இன்சூரன்ஸ் அனுப்பும் விளக்கத் தாள்) எம்ஏ130 என்ற குறியீடும் இருக்கிறது. அப்பீல் போடவா?

பில்லிங்_அக்கா:
வேண்டாம். எம்ஏ130 இருந்தால் அப்பீல் உரிமையே கிடையாது, புது கிளெய்மாகவே அனுப்புங்கள். அதற்கு முன் சாஃப்ட்வேரில் கிளினிக் விவரம் இருக்கும் மாஸ்டரில் டைப் 2 எண்ணை ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு இன்னும் 11 வரும்.