நாராயண்கஞ்ச் எல்சி வந்துவிட்டது, கன்டெய்னரை ஏற்றலாமா?

நூல்மூட்டை (திண்டுக்கல்)

வணக்கம். மில்லில் நூல் எடுத்து உள்ளூரில் விற்றுக்கொண்டிருந்தவன். இப்போதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். வங்கதேசத்து நாராயண்கஞ்சில் ஒரு பனியன் கம்பெனிக்கு 30ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல், ஒரு நாற்பதடி கன்டெய்னர். 120 நாள் யூசன்ஸ் எல்சி (வாங்குபவரின் பேங்க் தரும் பண உத்தரவாதக் கடிதம், பணம் 120 நாள் கழித்து) என் பேங்குக்கு வந்துவிட்டது. "எல்சி வந்தாச்சு, இனி பேங்க் பணம் கொடுத்தே ஆகணும், ஏத்திடுங்க" என்கிறார் புரோக்கர். மில்லுக்கு நான் முன்பணம் கட்ட வேண்டும், அதனால் யோசனையாக இருக்கிறது.

எல்சியில் மூன்று விஷயம் இடிக்கிறது. காலாவதி ஆகும் இடம் டாக்கா என்று இருக்கிறது. டிரான்ஷிப்மென்ட் கூடாது என்று இருக்கிறது, ஆனால் தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டி கொழும்பில் கப்பல் மாறித்தான் சட்டோகிராம் (சிட்டகாங்) துறைமுகம் போகும் என்கிறார் சிஎச்ஏ (சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட்). ஆவணப் பட்டியலின் கடைசியில், வாங்குபவரே கையெழுத்துப் போட்ட தரச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. இதெல்லாம் வழக்கம்தானா?

பில்செக்‌ஷன் (கோவை)

தம்பி, புரோக்கர் சொன்னது பாதிதான். பேங்க் பணம் கொடுத்தே ஆக வேண்டும், எல்சியில் கேட்ட காகிதம் கேட்டபடி போனால். நூல் நல்ல நூலா என்று எந்த பேங்கும் கோனைப் பிரித்துப் பார்க்காது. யூசிபி 600 என்று பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை (ஐசிசி) எல்சிகளுக்குப் போட்ட விதிகள் 2007 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கின்றன. அதன் 5ஆவது விதியே இதுதான்: பேங்குக்கு ஆவணம்தான் சரக்கு. மில்களுக்கு எக்ஸ்போர்ட் பில் போடுவதுதான் என் வேலை. நான் பார்த்தவரை பணம் நின்றது பெரும்பாலும் காகிதத்தால்தான், நூலால் இல்லை.

முதலில் அந்தச் சான்றிதழை எடுக்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் வாங்குபவர் இஷ்டம். நூல் விலை ஏறினால் அன்று மாலையே கையெழுத்து வரும். இறங்கினால் மேனேஜர் ஊரில் இருக்க மாட்டார். சரக்கு கடலில், காகிதம் முழுமையில்லை, பேங்குக்குப் பொறுப்பும் இல்லை. தரம் பற்றி அவருக்கு உண்மையிலேயே கவலை என்றால் மில்லின் டெஸ்ட் ரிப்போர்ட்டோ, ஒரு வெளி நிறுவனத்தின் ஆய்வுச் சான்றிதழோ கேட்கட்டும், கொடுக்கலாம்.

விலை ஏன் இதில் வருகிறது என்றால், 2011 மார்ச்சில் நியூயார்க்கில் பருத்தி பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது, அப்புறம் சில மாதங்களில் பாதிக்குக் கீழே வந்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் முற்றுப்புள்ளி வரைக்கும் குறை கண்டுபிடிப்பார்கள். வெறும் எழுத்துப்பிழை, பொருள் மாறவில்லை என்றால், குறை ஆகாது. ஆனால் வங்கதேச எல்சிகளில் எல்லாக் காகிதத்திலும் எல்சிஏ (எல்சி அனுமதிப் படிவம்) நம்பர், ஐஆர்சி (இறக்குமதிப் பதிவு) நம்பர், பிஐஎன் (வரிப் பதிவு) நம்பர், எச்எஸ் கோடு (சரக்கின் சுங்க வகை எண்) எழுதச் சொல்லியிருப்பார்கள். அதில் ஒரு இலக்கம் மாறினால் அது எழுத்துப்பிழை இல்லை.

டிரான்ஷிப்மென்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். சரக்கு கன்டெய்னரில் போகிறது என்று பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) காட்டி, தூத்துக்குடியிலிருந்து சட்டோகிராம் வரை முழுப் பயணமும் ஒரே பி.எல்.லில் இருந்தால், எல்சி கூடாது என்றாலும் 20ஆவது விதிப்படி பேங்க் ஏற்கும். அந்த உட்பிரிவு பொருந்தாது என்று எல்சியிலேயே எழுதவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு கிலோவில் இருந்தால் 5 சதவீதம் கூடக் குறைய ஏற்றலாம், எல்சி வேறு மாதிரி சொல்லாத வரை. மூட்டைக் கணக்கில் எழுதியிருந்தால் அந்தச் சலுகை இல்லை. எப்படியானாலும் பில் தொகை எல்சி தொகையைத் தாண்டக் கூடாது.

வாங்குபவர் வாட்ஸ்அப்பில் "ஓகே, மாற்றிக்கொள்ளலாம்" என்பார். அது திருத்தம் ஆகாது. அவர் பேங்க் அனுப்பும் அமென்ட்மென்ட் உங்கள் பேங்க் வழியாக வர வேண்டும். அது வரும்வரை மில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஃபீடர்கப்பல் (தூத்துக்குடி)

அக்கா சொன்னதோடு ஒன்று. கடைசி ஷிப்மென்ட் தேதி என்றால் பி.எல்.லில் உள்ள ஆன் போர்டு தேதி. பெட்டி யார்டுக்குள் போன தேதி இல்லை. ஃபீடர் (கொழும்பு வரை பெட்டி எடுத்துப்போகும் சிறு கப்பல்) தள்ளிப்போவது இங்கே சர்வசாதாரணம், அதனால் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். யாராவது பெனாப்போல் எல்லை வழியாக லாரியில் அனுப்பலாம் என்றால் கேட்காதீர்கள், தரைவழி நூல் இறக்குமதியை வங்கதேசத்தில் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

நூல்மூட்டை

ரொம்ப நன்றி. பேசிவிட்டேன். சான்றிதழை எடுத்துவிடுகிறேன் என்கிறார், காலாவதி இடத்தை மட்டும் மாற்ற மாட்டாராம். இன்னொரு சந்தேகம்: காகிதம்தான் எல்லாம் என்றால், குப்பையை ஏற்றிவிட்டு ஒருவன் பணம் வாங்கிவிடலாமே?

பழையவழக்கு

செய்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டிலிருந்தே. பன்றி முடி அனுப்புவதாகச் சொல்லி லக்னோ நிறுவனம் ஒன்று மாட்டு முடியையும் குப்பையையும் பெட்டிகளில் அடைத்து அனுப்பியதாக அமெரிக்க இறக்குமதியாளர் வழக்குப் போட்டார். காகிதமெல்லாம் சுத்தம். 1941-இல் நியூயார்க் நீதிமன்றம், தரம் குறைவு என்பது வேறு, விற்றவரின் அப்பட்டமான மோசடி பணம் கொடுக்கும் முன்பே பேங்குக்குத் தெரிந்தால் அது வேறு என்று பிரித்தது. பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. நிரூபிப்பது லேசில்லை.

பில்செக்‌ஷன்

டாக்காதான் என்றால் சரி, நாளைக் கணக்குப் போடுங்கள். காலாவதிக்குள் காகிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இங்கே பேங்கில் கொடுத்தால் போதாது. எல்சியில் தனியாகக் கெடு இல்லையென்றால், கப்பல் ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதற்கு மேல் இருக்கிறது. அங்கே பேங்குக்கு வெள்ளி, சனி விடுமுறை, நமக்கு ஞாயிறு. வியாழன் மாலை கூரியர் சேர்ந்தால் ஞாயிறுதான் கவரைத் திறப்பார்கள். காகிதம் வந்த மறுநாளிலிருந்து 5 வங்கி வேலைநாள் அவர்களுக்கு. குறை இருந்தால் அதற்குள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும், அப்புறம் புதிதாகக் கிளப்ப முடியாது.

குறை இல்லையென்றால் முதிர்வு தேதி போட்டு அக்செப்டன்ஸ் (அன்று பணம் தருகிறோம் என்ற ஒப்புதல்) பேங்குகளின் ஸ்விஃப்ட் செய்தியில் வரும். அதை வைத்துத்தான் உங்கள் பேங்கில் டிஸ்கவுண்ட் (வட்டி கழித்து முன்கூட்டியே பணம்) கேட்க முடியும், 120 நாளுக்கு வட்டி போகும். விலை பேசும்போது அதைச் சேர்த்தீர்களா?

கன்ஃபர்மேஷனும் (எல்சி பணத்துக்கு இன்னொரு பேங்கும் சேர்க்கும் உத்தரவாதம்) விசாரியுங்கள். 2022-க்கு அப்புறம் அங்கே டாலர் தட்டுப்பாட்டில், அக்செப்ட் செய்த பில்லுக்கே பணம் தாமதமானது. அந்த பேங்கின் பெயரைச் சொல்லி, அதன் எல்சிக்கு கன்ஃபர்மேஷன் சேர்ப்பீர்களா, கட்டணம் எவ்வளவு என்று உங்கள் பேங்கில் கேளுங்கள். அதற்கு எல்சியிலேயே அனுமதி இருக்க வேண்டும், 49ஆம் ஃபீல்டைப் பாருங்கள். இல்லையென்றால் சான்றிதழுக்கு வரும் அமென்ட்மென்ட்டிலேயே இதையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.