கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் இட்டேரிகளிலும் கிராவல் சைக்கிள்: இரண்டு நாள் பயணத்துக்கு வழி கேட்கிறேன்

பெருந்துறைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகத் தார்ச்சாலையில் மட்டுமே சைக்கிள் ஓட்டிவந்த நான், சென்ற மாதம் ஒருவர் ஓட்டிய கிராவல் சைக்கிள் ஒன்றை, அதாவது மண், சரளைத் தடங்களிலும் ஓட்டத் தகுந்த சைக்கிளை, வாங்கியிருக்கிறேன். (நம் பக்கத்தில் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் வந்து இறங்கும் மண் என்றே பொருள். என் தந்தையாருக்கு இந்தப் பெயரை விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.)

பின்லாந்தில் சமதளமான காட்டுக்குள், ஏரி மாற்றி ஏரியாக, நாள் முழுவதும் சரளைப் பாதையிலேயே செல்பவர்களின் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒரு பயணத்தை நம் மண்ணிலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை விடாமல் துரத்துகிறது. பவானிசாகரில் தொடங்கி, சத்தியமங்கலம் அடிவாரக் காட்டுத் தடங்கள் வழியே வந்து, பிறகு கீழ்பவானி வாய்க்கால் கரையைப் பிடித்து, வெள்ளோடு ஏரியைப் பார்த்துவிட்டுக் காங்கயத்தில் முடிக்கலாம் என்பது என் எண்ணம். ஆடி மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும். டயர் 35 மில்லிமீட்டர், உள்ளே டியூப் இருக்கிறது. என் எடை 72 கிலோ. காட்டுத் தடத்தில் செல்ல இயலுமா, கரைப்பாதை முழுவதும் ஓட்டத் தக்கதா, இந்த டயர் தாங்குமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வாய்க்கால்மேட்டுத் தோட்டத்தார் பதில்:

முதலில் காட்டை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. பின்லாந்தில் எவரும் காட்டுக்குள் நடக்கலாம், சேதம் செய்யாமல் சைக்கிளும் ஓட்டலாம் என்பது மக்களின் வழிவழி வந்த உரிமை. இங்கே நிலைமை வேறு. சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம்; பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்தடங்களில் நுழைவது குற்றம். குற்றம் என்பதைவிடவும், யானைக்கு முன்னால் ஓசையில்லாமல் போய் நிற்கும் வாகனம் சைக்கிள் ஒன்றுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பவானிசாகரிலிருந்து பண்ணாரிக்குச் செல்லும் தார்ச்சாலையிலேயே யானைகள் குறுக்கிடும். அந்தச் சாலையையும் நன்றாக விடிந்த பிறகுதான் தொட வேண்டும்.

வாய்க்கால் கரை உங்கள் ஆசைக்கு ஏற்ற இடம். சமமட்டக் கோட்டைப் பிடித்து வெட்டிய வாய்க்கால் என்பதால் சுமார் 200 கிலோமீட்டருக்கு அது நிலத்தின் வளைவுகளோடு வளைந்து, ஏறக்குறைய ஏற்றமே தெரியாமல் செல்கிறது. நீர் தானாக வழிந்தோடும் அளவுக்குத்தான் சரிவு. உங்கள் கால் அதை உணராது. ஒரு பக்கம் வானம் பார்த்த மேட்டாங்காடு, மறுபக்கம் நெல்லும் மஞ்சளும் வாழையுமாக, வாய்க்கால் நீர் பாயும் ஆயக்கட்டு. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் உள்ள வரப்பில் ஓட்டுவதைப் போன்ற இன்பம் தார்ச்சாலையில் கிடைக்காது.

ஆனால் கரைப்பாதை பயணிகளுக்காகப் போட்டது அன்று. மதகுகளைத் திறந்து மூடும் பணியாளர்களும் பராமரிப்பு வண்டிகளும் செல்வதற்காக அமைத்தது. சில இடங்களில் பாதை எதிர்க்கரைக்கு மாறும், சில இடங்களில் பள்ளத்தின் குறுக்கே நின்றுவிடும். அங்கெல்லாம் அடுத்த பாலம் வரை ஊர்ச்சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றிய வழக்கும் போராட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் (கசிவுநீரை நம்பிக் கிணறு வைத்திருக்கும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டால் இந்த இழை போதாது). வேலை நடக்கும் பகுதிகளில் ஜல்லியும் இயந்திரங்களும் கிடக்கும்.

இன்னொன்று. வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்றுதான் முதல் போகத்துக்கு நீர் திறப்பார்கள், 120 நாள் ஓடும். ஆடியில் வந்தால் பெரும்பாலும் வறண்ட வாய்க்காலையே பார்ப்பீர்கள். நீர் ஓடும் காலத்தில் வந்தால் கரையிலிருந்து இறங்கிக் குளிக்க வேண்டாம். பவானிசாகர் அணையின் வாயிலில் வினாடிக்கு 2,300 கன அடி வரை விடுவார்கள், சரிவான சுவரில் ஏறிவரப் பிடிமானம் இராது.

காங்கயத்துக்காரர் பதில்:

தோட்டத்தார் ஐயா கூறியதற்கு மேல் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இட்டேரிகளை, அதாவது வேலிகளுக்கு நடுவில் செல்லும் வண்டித்தடங்களைப் பற்றிக் கூறுகிறேன், ஏனெனில் சென்னிமலையைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டால் ஏரியும் இல்லை, காடும் இல்லை, கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலம்தான். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி செல்லும் அகலத்தில் செம்மண் தடம், வேலிக்கு அப்பால் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் மேயும் மாடுகளும். வேலி காற்றைத் தடுப்பதால் ஆடியிலும் இட்டேரிக்குள் அமைதியாக இருக்கும். வேலி முடிந்து வெளியே வந்தவுடன்தான், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சைக்கிளோடு உங்களையும் தூக்கிப் பார்க்கும். நீங்கள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வருவதால் பெரும்பகுதி முதுகுக்காற்றாக இருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். அதே வழியில் திரும்பிச் செல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டயர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். என் முதல் பயணத்தில் நத்தக்காடையூர்ப் பக்கம் வேலி வெட்டிப் போட்டிருந்த ஓர் இட்டேரியில் புகுந்து, இரண்டு சக்கரங்களிலுமாக ஒன்பது முட்களைப் பிடுங்கினேன். கையில் இருந்ததோ ஒட்டுவதற்கு ஆறு துண்டுகள். வெள்வேல முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டியூபை மட்டுமன்றிச் செருப்பையும் துளைக்கும். சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) இடம் இருந்தால் 40 அல்லது 42 மில்லிமீட்டர் டயருக்கு மாறுங்கள். டியூப் இல்லாத முறையில், உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றி, உங்கள் எடைக்கு முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ காற்றழுத்த அளவில் தொடங்கிப் பாருங்கள். முள் குத்தினாலும் அதைப் பிடுங்காமல் சக்கரத்தைச் சுற்றவிட்டால் பெரும்பாலும் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும், கடைசியாக எப்போது ஊற்றினோம் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். உங்கள் சக்கரத்தில் பிரெஸ்டா என்னும் மெல்லிய வகைக் காற்று வால்வு இருந்தால் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். அது இல்லாமல் கிராமத்துப் பஞ்சர் கடையில் காற்று ஏற்ற முடியாது.

மழைக்கு மறுநாள் கரிசல் தடத்தில் இறங்காதீர்கள். பத்து மீட்டருக்குள் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் களி அடைத்து, சைக்கிளைத் தோளில் சுமக்க நேரிடும். செம்மண் சரளை அப்படியன்று. ஒரு வெயில் பட்டாலே ஓட்டத் தகுந்ததாகிவிடும்.

சூலூர் அம்மணி பதில்:

காங்கயத்து அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பழைய சைக்கிளின் சக்கர விளிம்பு (ரிம்) டியூப் இல்லாத டயருக்கு ஏற்றதா என்று பார்க்காமல் மாற்றினால், நடுக்காட்டில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்று நிற்கும். ஏற்றதல்ல என்றால், அகலமான டயரும், டியூபுக்குள்ளேயே ஊற்றிய திரவமும், இரண்டு மாற்று டியூபும் போதும். நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஏரி பற்றியும் ஒரு சொல். பின்லாந்தின் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரும்பாலானவை பனிப்பாறைகள் அகழ்ந்துவிட்டுப் போன பள்ளங்கள்; ஆண்டு முழுவதும் நீர் இருக்கும். நம்முடையவை ஆள் வைத்துக் கரை எழுப்பியவை, நீர் வரும் மாதத்தில்தான் அவை ஏரி. வெள்ளோடு ஏரி சுமார் 77 ஹெக்டேர், 2022 முதல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் உள்ளது. ஆனால் வலசைப் பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகைக்குப் பிறகு வர வேண்டும். சைக்கிளை வாயிலில் பூட்டிவிட்டு நடந்து செல்லுங்கள். திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2024இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது; வழியை மேற்கே வளைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருந்துறைவாசி:

மூவருக்கும் நன்றி. காட்டை விட்டுவிட்டேன். பவானிசாகர் முதல் வெள்ளோடு வரையிலான பகுதியைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். இரண்டாம் போகத்து நீரும் பறவைகளும் இருக்கும், களியும் காய்ந்திருக்கும். ஆடியில் பெருந்துறையிலிருந்து காங்கயம் வரை ஒரே நாள் மட்டும் இட்டேரி வழியே ஓட்டிப் பார்க்கிறேன். என் சட்டத்தில் 38 வரைதான் இடம் இருக்கிறது என்று இன்று அளந்து தெரிந்துகொண்டேன். இன்னும் ஓர் ஐயம்: இட்டேரி யாருடையது? தடத்தின் குறுக்கே படல் (வேலிக் கதவு) சாத்தியிருந்தால் திறந்து செல்லலாமா?

காங்கயத்துக்காரர்:

38 போதும், வேலி வெட்டும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். இட்டேரி பொதுத்தடம், படல் இருந்தால் அதற்கு அப்பால் கொறங்காடு, அது ஒருவருடைய மேய்ச்சல் நிலம். ஆள் இருந்தால் கேளுங்கள். "எங்கீங்க போகோணும், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று அவர்களே கேட்பார்கள், பெரும்பாலும் மோரும் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். அனுமதியோடு சென்றாலும் படலை முன்பு இருந்தபடியே சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். காவலுக்கு ஆள் வைக்காமல் மாட்டை உள்ளே விட்டுச் செல்வது அந்தப் படலை நம்பித்தான். நாய் துரத்தினால் பெடலை மிதித்து விரையாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

வாய்க்கால்மேட்டுத் தோட்டத்தார்:

தையில் வரும்போது முன்கூட்டியே இங்கே எழுதுங்கள். நீர் ஓட்டத்தையும், எந்த இடத்தில் கரை வேலை நடக்கிறது என்பதையும் அந்த வாரமே பார்த்துச் சொல்கிறேன்.