ஏர் சஸ்பென்ஷன் காடி ஒரு பக்கம் உட்கார்ந்தால்: கேஎல் (கோலாலம்பூர்), பினாங்கு அனுபவங்கள்

(நான்கு பேர் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே எழுதியவரின் ஊரும், காடியோ தொழிலோ இருக்கும்.)

செந்தூல், பென்ஸ் டபிள்யூ221

காற்றுப் பைகள் மேல் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் காடி காலையில் ஒரு பக்கம் தணிந்து உட்கார்ந்திருந்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "கம்ப்ரசர் போச்சு பாஸ்" என்பதுதான். உடனே சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். கம்ப்ரசர் செத்தே போயிருந்தாலும், அதை ஓயாமல் ஓட வைத்துச் சாகடித்தது வேறு ஒன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்ப்ரசர் போட்டால், போட்டதும் அதே வழியில் போகும்.

கல்யாணங்களுக்குக் காடி விடுவது என் தொழில். என்னிடம் இருப்பது 2010 மாடல் எஸ் கிளாஸ். இதில் காயில் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்திலும் அப்ஸார்பரைச் சுற்றி ஒரு ரப்பர் பை, அதற்குள் காற்று. முன் பம்பர் பக்கம் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அடிக்கும். வால்வு பிளாக் அதை எந்த மூலைக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பும். காடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று லெவல் சென்சார்கள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இது நன்றாக இருக்கும்போது, தாமான் (குடியிருப்பு) உள்ளே இருக்கிற ஹம்ப் மேல் ஏறி இறங்கினால்கூடப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலைப்பூ ஆடாது. இந்தக் காடியை வாங்கியதே அதற்காகத்தான்.

பிரச்சினை மெதுவாகத்தான் ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் இடது முன் டயர் ஃபெண்டருக்குள் பாதி போயிருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் எழுந்து நின்றுவிடும். ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியாது. நாளாக ஆக, எழுந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியது. முன்பக்கம் 'கர்ர்' என்று கம்ப்ரசர் ஓடும் சத்தம் உள்ளே வரை கேட்டது. பிறகு மீட்டரில் சிவப்பு எழுத்து: 'ஸ்டாப், வெஹிக்கிள் டூ லோ'. முகூர்த்த நேரத்தில் கோயில் வாசலில் இது வந்தால் என் பிழைப்பு என்ன ஆவது?

முதலில் போன பட்டறையில் ஸ்கேனர் மாட்டினார்கள். இரண்டு பிழைக் கோட் வந்தது. கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். "காற்று எங்கே போகிறது என்று பார்த்தீர்களா அண்ணே?" என்று கேட்டேன். "மாத்தினா சரியாயிடும்" என்றார். அந்தக் கோட் சொல்வது, எதிர்பார்த்த நேரத்துக்குள் உயரம் வரவில்லை என்பதை மட்டும்தான். கம்ப்ரசர் பலவீனமானாலும் அது வரும், பை கிழிந்தாலும் வரும். காடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிகாம்புட்டில் ஒரு வயதான ஃபோர்மேன் இருக்கிறார். அவர் ஸ்கேனரையே கையில் எடுக்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போ தம்பி" என்றார். சமமான சிமென்ட் தரையில் காடியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே பேனாவால் எழுதினார். ஏன் தரையிலிருந்து அளக்கவில்லை என்று கேட்டேன். டயரில் காற்று கூடக் குறைய இருந்தால் அளவு பொய் சொல்லும் என்றார். சாவியை எடுத்து மேசை டிராயரில் பூட்டிவிட்டார். யாராவது கதவைத் திறந்தால் கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிபண்ணப் பார்க்கும், இரவு முழுக்கக் காத்திருந்தது வீணாகிவிடும்.

காலையில் இடது முன் பக்கம் மட்டும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் எழுதியபடியே நின்றன. சரி, ஒரே மூலை. அப்படியென்றால் மூன்று இடம்தான்: பை, அதற்குப் போகும் குழாய், அல்லது வால்வு பிளாக்கில் அந்த மூலைக்கான வால்வு.

பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தார். முதலில் வால்வு பிளாக்கில் குழாய் மாட்டியிருக்கும் இடங்கள், ஒன்றுமில்லை. ஸ்ட்ரட்டின் (அப்ஸார்பரும் பையும் சேர்ந்த தூண்) மேல் மூட்டு, அங்கேயும் இல்லை. பிறகு காடியை ஒரு படி உயர்த்தச் சொன்னார். அடியில் மடிந்திருந்த ரப்பர் அப்போது கொஞ்சம் விரிந்தது. ஸ்ட்ரட்டைச் சுற்றியிருந்த தூசி உறையைக் கீழே தள்ளி, டார்ச் அடித்து, மடிப்பு விழும் இடத்தில் ஸ்பிரே பண்ணிவிட்டுச் சும்மா காத்திருந்தார். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் கடுகு அளவு வெள்ளை நுரை ஒன்று மெல்லக் கிளம்பி, அங்கேயே நின்று பெருத்தது. விரலால் அந்த மடிப்பை அழுத்திக் காட்டினார். வெளியிலிருந்து கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது ரப்பர். அழுத்தினால்தான் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. காடி ஆடும்போதெல்லாம் மடிந்து மடிந்து நிமிர்வது அந்த ஒரே இடம்தான். நம்ம ஊர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

அதன் பிறகுதான் ஸ்கேனர். கோட் பார்க்க அல்ல, ஓடும்போது வரும் அளவுகளைப் பார்க்க. மற்ற மூன்று மூலையையும் தூக்க கம்ப்ரசர் எவ்வளவு நேரம் எடுக்கிறது, காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தார். கம்ப்ரசர் உயிரோடுதான் இருந்தது. கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் ரிலேயை மட்டும் கழற்றி உடைத்துக் காட்டினார், உள்ளே முனைகள் கரிந்திருந்தன. அது ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும், பேட்டரியும் காலி. விலை குறைந்த சாமான், கையோடு மாற்றியாயிற்று.

இரண்டு முன் ஸ்ட்ரட்டும் ஒரே வயது என்பதால் இரண்டையுமே மாற்றினேன். ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் இடம்) மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதுவும் பழைய ரப்பர்தானே. நான் அதில் காசைப் போடமாட்டேன். பை மட்டும் புதிதாகப் போட்டுத் தரும் ரீபில்ட் பரவாயில்லை, உள்ளே அப்ஸார்பர் பழசு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நான் போட்டது வேறு கம்பெனி தயாரித்த புது ஸ்ட்ரட். முதல் பட்டறை கம்ப்ரசருக்குச் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. அது எனக்கு உறுத்தவில்லை, காசு போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். புது ஸ்ட்ரட்டில் காற்று ஏறாமல் காடியின் எடையை அதன் மேல் இறக்க அவர் விடவே இல்லை. வெறும் பை எடை பட்டுக் கோணலாக மடிந்தால், புதுசு என்றாலும் அங்கேயே கிழியுமாம். ஜாக்கியில் நிற்கும்போதே ஸ்கேனர் வழியாகக் காற்றை ஏற்றி, பிறகுதான் மெதுவாக இறக்கினார்.

செராஸ், ரேஞ்ச் ரோவர் எல்322

அண்ணே, உங்கள் கதைக்கு நேர் எதிரானது என்னுடையது. வலது முன் பக்கம் மற்றதைவிட உயரமாக நிற்கும். எல்லாரும் "லீக், லீக்" என்றார்கள். லீக் என்றால் இறங்கத்தானே வேண்டும்? இரவு நிறுத்தி அளந்து பார்த்தேன், இம்மி அசையவில்லை. ஓட்டும்போது மட்டும்தான் கோணல்.

கடைசியில் பார்த்தால் லெவல் சென்சார். அதற்கு முன்பு ஒரு பட்டறையில் சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம் மாற்றியிருந்தார்கள். சக்கரம் தொங்கும்போது சென்சாரின் சின்னக் கை மறுபக்கம் புரண்டிருக்கிறது, அதைப் பார்க்காமலே மாட்டிவிட்டார்கள். காடி கீழே கிடக்கிறது என்று சென்சார் சொல்ல, கணினி அதை நம்பிக் காற்றை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கையைச் சரியான பக்கம் திருப்பி மாட்டி, உயரத்தைக் கேலிப்ரேட் பண்ணியதோடு முடிந்தது. ஒரு சாமான்கூட வாங்கவில்லை.

அதனால் நிறுத்தி வைத்தால் இறங்குகிறதா, ஓட்டும்போது கோணலாகிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

பினாங்கு, ஜெலுத்தோங், பென்ஸ் டபிள்யூ220

என்னுடையது இன்னும் பழசு. 1998இல் ஏர்மேட்டிக்கோடு (பென்ஸின் ஏர் சஸ்பென்ஷன்) வந்த எஸ் கிளாஸ் இதுதான். இங்கே நிறைய பேர் வெறுத்துப்போய்க் காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிட்டார்கள். என் மைத்துனரும் மாற்றினார். தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வர அவருக்கு அது போதும், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காடியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். பூட்டில் சாமான் ஏற்றினால் பின்பக்கம் தணிகிறது, வேகத்தில் தானாக இறங்குவது போய்விட்டது. எஸ் கிளாஸ் என்று காசு கொடுத்து வாங்கியதில் பாதியை அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுத வந்தது ஜாக்கி விஷயம். டயர் கடைப் பையன்களுக்கு இது தெரியாது. காற்றில் நிற்கும் காடி எந்த நேரமும் இறங்கலாம். ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது யாராவது கதவைத் திறந்து, கணினி விழித்து, காற்றை வெளியே விட்டால் காடி அப்படியே கீழே வரும். ஃபெண்டருக்கும் டயருக்கும் இடையே கையை விட்டிருந்தால் என்ன ஆகும்? ஆடியில் சில மாடல்களில் இதற்கென்றே ஜாக் மோட் இருக்கிறது, போட்டுவிட்டுத் தூக்குங்கள். மற்ற காடிகளில் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கதவை யாரும் தொடக்கூடாது. ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் யாரையும் போகவிடாதீர்கள். அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

பத்து கேவ்ஸ், பட்டறை வைத்திருப்பவன்

செந்தூல் தம்பி சொன்னதில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. சோப்பு நுரை எங்கேயும் வரவில்லை, ஆனாலும் ஒரு மூலை இறங்குகிறது என்றால் என்ன செய்வது? காற்றை இறக்கிவிட்டு, வால்வு பிளாக்கில் இடது முன், வலது முன் குழாய்களை இடம் மாற்றி மாட்டி, காற்றை ஏற்றி நிறுத்திவிட்டுப் பாருங்கள். இறங்குவது மறுபக்கத்துக்குப் போனால் குற்றம் வால்வு பிளாக்கில். அதே பக்கம் இருந்தால் பையிலோ குழாயிலோ. சோதிக்கும்போது காடியை ஓட்டாதீர்கள், கணினி எந்தப் பக்கத்தைத் தூக்குவது என்று குழம்பிவிடும். அந்தப் பித்தளை மூட்டுகளை ரொம்பவும் இறுக்கக்கூடாது, மரை போனால் பிளாக்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. லீக்கை அடைத்த பிறகும் கம்ப்ரசரோ வால்வோ ஏன் மறுபடியும் போகிறது என்று கஸ்டமர்கள் கேட்கிறார்கள். டிரையரை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் காரணம். கம்ப்ரசர் உள்ளே இழுப்பது நம்ம ஊர்க் காற்று, எப்போதும் ஈரம். அந்த ஈரத்தை உறிஞ்ச டிரையருக்குள் சிலிகா ஜெல் மணிகள் இருக்கும். காடி தன்னை இறக்கிக்கொள்ளும்போது பைகளில் இருக்கும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத்தான் வெளியே போகும். போகும்போது மணிகளில் சேர்ந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இப்படித்தான் அது தன்னைத் தானே காய வைத்துக்கொள்கிறது.

பையில் லீக் இருந்தால் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். காற்று உள்ளே வரும்போது டிரையர் வழியாக வருகிறது, வெளியே போவதோ கிழிசல் வழியாக. டிரையர் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, காயவே வழியில்லை. நிரம்பியதும் ஈரம் நேராக வால்வு பிளாக்குக்குப் போய் உள்ளே துருவும் பச்சையும் பிடிக்கிறது. சில நேரம் மணிகள் பொடியாகி வெள்ளை மாவாக வால்வை அடைத்துக்கொள்ளும். நான் திறந்து பார்த்த பிளாக்குகளில் இந்த மாவைக் கண்டிருக்கிறேன். அதனால் ரொம்ப நாள் லீக்கோடு ஓடிய காடி என்றால், பை மாற்றும்போதே டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். திடீர் வெள்ளத்தில் மாட்டிய காடியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், காற்று இழுக்கும் குழாயிலிருந்தே ஆரம்பித்துப் பார்க்க வேண்டும்.

செந்தூல், பென்ஸ் டபிள்யூ221

அண்ணே, டிரையர் விஷயம் எனக்குப் புதுசு. அடுத்த சர்வீசுக்கு முன்பே திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

இங்கே ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார், செகண்ட் ஹேண்டில் இப்படிக் காடி வாங்கும்போது எப்படிப் பார்ப்பது என்று. காலையில் போங்கள் தம்பி. நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் நான்கு பக்கமும் உயரத்தைப் பாருங்கள், கண்ணுக்குச் சரியாக இருந்தாலும் அளந்து பாருங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணி உயர்த்தும் பட்டனை அழுத்தி, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, ஏறிய பிறகு கம்ப்ரசர் நிற்கிறதா என்று கேளுங்கள். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம். போகும்போதே எஞ்சின் சூடாக இருந்து, "இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு வந்தேன்" என்று விற்பவர் சொன்னால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.