அசைவூட்ட விளக்கப்படக் காணொளி: குரலோடு காட்சி பொருந்தவில்லை, தமிழ் எழுத்தும் உடைகிறது. உதவி தேவை

கேள்வி (குழுவின் தொகுப்பாளர்)

வணக்கம். புவியிலுள்ள நீர் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை விளக்கும் மூன்று நிமிடக் காணொளி ஒன்றை நாங்கள் நான்கு மாணவர்கள் குழுத்திட்டமாகச் செய்து வருகிறோம். பின்னணிக் குரலை முதலிலேயே பதிவு செய்துவிட்டு, மூவர் ஆளுக்கொரு காட்சியாக எடுத்துக்கொண்டனர். அவற்றை ஒன்றாகத் தொகுக்கும் வேலை என்னுடையது. ஒப்படைக்க இன்னும் நான்கு நாட்களே உள்ள நிலையில் பின்வரும் சிக்கல்களில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் காட்சி சரியாக இருக்கிறது. பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்யப்பட்டு, பி.என்.ஜி. படவரிசையாக (தனித்தனிப் படக்கோப்புகளாக) என்னிடம் வந்த இரண்டாம் காட்சி, 40 வினாடிக் குரலுக்கு 32 வினாடியிலேயே முடிந்துவிடுகிறது. செய்த நண்பரோ தன் கணினியில் குரலோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது என்கிறார். கைபேசித் திரையைப் பதிவு செய்து எடுத்த மூன்றாம் காட்சி, தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகி, முடிவில் ஏறத்தாழ ஒரு வினாடி பிந்திவிடுகிறது.

இது தவிர, தலைப்புகளுக்குத் தட்டச்சு விளைவு கொடுத்தால் தமிழ் உடைகிறது. ‘கொள்ளளவு’ என்ற சொல்லில் முதலில் ‘க’ மட்டும் தோன்றி, அடுத்த நொடியில் அதற்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் வந்து ஒட்டிக்கொள்வதால், சொல்லே வலப்புறம் துள்ளுவதுபோல் தெரிகிறது. நன்னீரைக் காட்டும் வட்டத்தின் அளவு தவறு என்று ஆசிரியரும் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் சதவீதத்தைப் பார்த்துத்தான் அளவு வைத்தோம்.

பதில் 1

உங்கள் இரண்டாம் காட்சிக்கான விடை நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. பிளெண்டரின் இயல்பமைப்பு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 படங்கள். 40 வினாடிக்கு 960 படங்கள். உங்கள் தொகுப்புக் கோப்பு வினாடிக்கு 30 பிரேம் என்று அமைக்கப்பட்டிருந்தால், அந்த 960 படங்களும் சரியாக 32 வினாடியில் ஓடி முடிந்துவிடும். காணொளிக் கோப்பாக இருந்தால் அதன் வேகம் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். படவரிசை என்பது வெறும் படங்களின் அடுக்கு என்பதால், எந்த வேகத்தில் புரட்ட வேண்டும் என்பது தொகுப்பு மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே உங்கள் நண்பர் சொல்வதும் உண்மை, நீங்கள் காண்பதும் உண்மை. தொகுப்பு மென்பொருளில் அந்தப் படவரிசையின் பண்புகளைத் திறந்து, 24 பிரேம் என்று மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாம் காட்சியின் நோய் வேறு. கைபேசியின் திரைப்பதிவு பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் நடக்கிறது. திரையில் அசைவு குறைந்தால் பிரேம்களும் குறையும். சீரான வேகத்தை எதிர்பார்க்கும் தொகுப்பு மென்பொருள் அங்கேதான் தடுமாறுகிறது. ஹேண்ட்பிரேக் போன்ற காணொளி மாற்று மென்பொருளில் மாறா பிரேம் வேகம், 30 என்று தெரிவு செய்து புதிய கோப்பை உருவாக்கி, பழையதன் இடத்தில் வையுங்கள்.

பதில் 2

மேலே சொல்லப்பட்ட கணக்கு சரிதான். ஆனால் முதல் தீர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். 24 பிரேம் காட்சியை 30 பிரேம் காலவரிசையில் வைத்தால், ஒவ்வொரு நான்கு படத்துக்கும் ஒரு படம் இருமுறை காட்டப்படும். கேமராவில் எடுத்த காட்சியில் இது கண்ணில் படாமல் போகலாம். ஒரு பட்டை சீராக நீளும் விளக்கப்படத்திலோ, அந்தச் சிறு விக்கல் பளிச்சென்று தெரியும்.

நண்பரிடம் மூலக்கோப்பு இருக்கும் அல்லவா? அதில் பிரேம் வேகத்தை 30 ஆக மாற்றி, காலச்சுட்டியை முதல் பிரேமில் நிறுத்தி, எல்லாக் கீபிரேம்களையும் (அசைவின் முக்கிய நிலைகளைக் குறித்துவைத்த பிரேம்களை) தேர்ந்து 1.25 மடங்கு விரிக்கச் சொல்லுங்கள். வேகத்தை மட்டும் மாற்றினால் கீபிரேம்கள் பழைய எண்களிலேயே நின்று, அசைவு விரைவாகிவிடும். இறுதிப் பிரேமையும் 960 இலிருந்து 1200 ஆக நீட்ட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம், நானும் ஒருமுறை இரவு முழுவதும் ரெண்டர் செய்துவிட்டு (இறுதிப் படங்களை உருவாக்கிவிட்டு) காலையில் தலையில் கைவைத்திருக்கிறேன்.

பதில் 3

தமிழ் எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தட்டச்சு விளைவு, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளை ஒவ்வொன்றாக வெளிக்காட்டுகிறது. நாம் ஓர் எழுத்து என்று எண்ணும் ‘கொ’ அதற்கு இரண்டு குறியீடுகள். ‘நீர்’ என்ற சொல்லை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: ‘ந’, ‘நீ’, ‘நீர’ என்று வந்து, கடைசியில்தான் புள்ளி விழும். ஆகவே எழுத்தெழுத்தாகக் காட்டும் அமைப்பை விட்டு, சொல் சொல்லாகக் காட்டும் அமைப்புக்கு மாறுங்கள். தட்டச்சுத் தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால், முழுச் சொல்லையும் முதலிலேயே வைத்து, அதை மறைக்கும் முகமூடியை இடமிருந்து வலமாக விலக்குங்கள், எழுத்து துள்ளாது.

சில மென்பொருள்களில் விளைவு ஏதும் இல்லாமலேயே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தலைப்பை எழுதி, உரையைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்.வி.ஜி. என்ற வரைகலைக் கோப்பாகக் கொண்டுவருவதே பாதுகாப்பானது. பாதையான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4

வட்டத்தின் விட்டத்தைச் சதவீதப்படி வைத்தீர்களா? பார்ப்பவர் கண் அளப்பது பரப்பை. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

கேள்வி கேட்டவர்

ஆம், விட்டத்தைத்தான். உவர்நீர் 97.5 சதவீதம், அதன் வட்டம் 800 பிக்சல், நன்னீர் 2.5 சதவீதம் என்பதால் சிறிய வட்டத்துக்கு 20 பிக்சல் வைத்தோம். திரையில் தூசி படிந்திருப்பதாக வகுப்பில் ஒருவர் நினைத்தார்.

பதில் 4

97.5க்கு 2.5 என்பது ஏறத்தாழ 39க்கு 1. 39 இன் வர்க்கமூலம் 6.24, 800ஐ அதனால் வகுத்தால் 128 பிக்சல் வரும். நீங்கள் நன்னீரின் பரப்பை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள். அதன்பின் நன்னீரைப் பனிப்பாறை, நிலத்தடி நீர், ஏனையவை என்று ஏறத்தாழ 69, 30, 1 எனப் பிரிப்பீர்கள் என்றால், அதற்கும் வட்டங்களே வேண்டாம். ஒரே நீளப் பட்டையை மூன்றாகப் பிரியுங்கள். நீளத்தை ஒப்பிடுவதில் கண் அவ்வளவாக ஏமாறாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கீபிரேம்களை விரித்து இரண்டாம் காட்சியை மீண்டும் ரெண்டர் செய்தோம். 1200 படங்கள், 40 வினாடி, குரல் ‘நிலத்தடி நீர்’ என்று சொல்லும் இடத்திலேயே பட்டை நிற்கிறது. தலைப்புகளை முகமூடியால் திறக்கிறோம். வட்டமும் 128 பிக்சல் ஆகிவிட்டது.

மூன்றாம் காட்சி மட்டும், வேகத்தை மாற்றிய பிறகும் கடைசிப் பத்து வினாடிகளில் சற்றே பிந்துகிறது. வரைபடம் அசையாமல் நிற்கும் இரண்டு இடங்களில் சில பிரேம்களை வெட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். இதில் வேறு தொல்லை வருமா?

பதில் 1

வராது. படம் அசையாத இடத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. குரல் தடத்தை மட்டும் பூட்டிவிட்டு வெட்டுங்கள்.