ஹோம் அலோன்: வீட்டாரோடு பார்த்த அன்று நடந்தது

கடைக்குட்டி:
குடும்பம் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன சிறுவன் கெவின், திருட வருகிறவர்களைப் பொறி வைத்து விரட்டுகிற ஆங்கிலப் படம். இதற்கு மேல் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போன விடுமுறையில் 76 வயது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டேன். திருடர்கள் தலையில் பெயின்ட் டப்பா மோதி அவர்கள் உருண்டபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வீடே அதிர்ந்தது. அம்மா மட்டும் "ஐயோ, அடிபட்டுடுமே" என்றார், அவ்வளவுதான். அவர் சிரித்தது ஒரே ஓர் இடத்தில். வீடு திரும்ப விமானம் கிடைக்காமல் கெவினின் அம்மா ஒரு போல்கா இசைக்குழுவின் வேனில் வருவாரே, அங்கே. 'பிள்ளையை விட்டுவிட்டு வந்த நான் என்ன தாய்' என்று அவர் புலம்ப, அந்தக் குழுவின் தலைவராக வரும் நடிகர் ஜான் கேண்டி ஆறுதல் சொல்கிறேன் என்று தன் மகனை ஒரு நாள் முழுக்கப் பிணத்தோடு சவ அடக்க நிலையத்தில் விட்டுவிட்டு வந்த கதையைச் சொல்வார். ஆறேழு வாரத்தில் பையன் பேச ஆரம்பித்துவிட்டானாம்!

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், டிவியைப் பார்த்தபடியே, "உங்க அண்ணனை நான் ஒருதரம் விசேஷ வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். ஐம்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லையாம். அண்ணனிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாஜிக் மன்னன்:
உங்கள் அம்மா கதை நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தில் அந்த அம்மா மேல் தப்பே இல்லை. விமான நிலையம் போக வேனில் ஏறும்போது தலை எண்ணியது கெவினின் ஒன்றுவிட்ட அக்கா ஹெதர். எதிர் வீட்டுப் பையன் மிட்ச் வந்து பைகளைக் குடைந்துகொண்டிருக்க, அவன் பின்னந்தலையையும் சேர்த்து 11 என்று கணக்கை முடித்துவிடுவாள்.

நான் பல வருஷமாகப் பிடித்துத் தொங்கியது வேறு கேள்வி. அப்படியானால் விமான நிலையத்தில் ஒரு டிக்கெட் மிஞ்சியிருக்க வேண்டுமே? இதைச் சொல்லி மாமனார் வாயையே அடைத்திருக்கிறேன். போன மாதம் என் 9 வயது மகள் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினாள். முதல் நாள் ராத்திரி பால் கொட்டி ரகளையாகும் இடம். கெவினின் அப்பா ஈரமான காகிதங்களை அள்ளிக் குப்பையில் போடுகிறார், அதோடு ஒரு டிக்கெட்டும் போகிறது. ஒரே நொடிதான். மகள் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்று பேருக்கு அத்தை:
என் தம்பி மகன் படம் முடிந்த மறுநாளே மாடிப்படியில் பொம்மைக் கார்களைப் பரப்பி வைத்தான். வழுக்கியது நான். அதனால் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 103 நிமிடம். பொறிகளெல்லாம் கடைசிப் பகுதியில்தான் வரும், அதுவரை நெளிவார்கள். அதற்காக ஓட்டிவிடாதீர்கள், அந்தத் தனிமை மனதில் ஏறினால்தான் பிந்திய ரகளை ருசிக்கும். முகத்தில் இஸ்திரிப் பெட்டி விழுவது, தலையில் தீப்பற்றுவது, வெறுங்காலில் ஆணி ஏறுவது, இந்த மூன்று இடத்திலும் நிறுத்துங்கள். விழுந்து புரண்டதெல்லாம் ஸ்டன்ட் கலைஞர்கள், நிஜத்தில் இப்படி அடிபட்டால் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஏழு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். 1992-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாடியிலிருந்து செங்கல்லே விழுகிறது, அதை இன்னும் தள்ளிப் போடுங்கள். அப்புறம், படம் முடிந்த கையோடு படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜன்னலோரம்:
அக்கா, யாரும் கேட்கவில்லையே! 1990-இல் வந்த படம், அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் எல்லோரும் முழுசாகத்தான் இருக்கிறோம்.

எனக்கு அடிதடி இல்லை, தேவாலயக் காட்சிதான். பனியை அள்ளிக்கொண்டு திரியும் மார்லி கிழவர் கெவின் பக்கத்தில் வந்து உட்கார்வார். மகனோடு பேச்சில்லை, பேத்தி பாடுவதைத் திருட்டுத்தனமாகக் கேட்க வந்திருக்கிறார். போன் செய்தால் என்ன என்று பொடியன் கேட்பான். அப்போது அப்பா என்னிடம், "அந்த ஆள் பண்ணுவானா?" என்றார். அவரும் பெரியப்பாவும் பேசி 11 வருஷம் ஆகிறது. "பாருங்களேன்" என்றேன். கடைசியில் கிழவர் வாசலில் பேத்தியைக் கட்டிக்கொள்வதைக் கெவின் ஜன்னல் வழியாகப் பார்க்கிற இடத்தில் திரும்பினால், நாற்காலி காலி. அப்பா உள்ளறையில். பேச்சுக் குரல் கேட்ட மாதிரி இருந்தது, டிவிச் சத்தமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளை:
கெவின் போட்டுப் பார்ப்பானே ஒரு பழைய ரவுடிப் படம், அதை நான் கல்லூரி நாளிலிருந்து தேடினேன். 1940-களின் படம் என்று நண்பனிடம் பந்தயம் வேறு. அப்படி ஒரு படமே கிடையாது, இதற்காகவே எடுத்த துண்டு அது. பந்தயப் பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. அவன் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

கடைக்குட்டி:
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும், மனதில் வைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். "அப்படியா? நாற்காலி அடுக்கியிருந்த இடத்துல தூங்கிட்டேன், அம்மா வந்து எழுப்பினாங்க. எல்லாரும் அங்கேயேதான் இருந்தீங்கன்னு இத்தனை நாள் நினைச்சிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "நடு வழி வரைக்கும் ஒருத்தருக்குமா தோணல?" என்றார்.

அண்ணனுக்கு 54 வயது. இரண்டு நாளாக அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. ஆறேழு வாரம் ஆகும் போலிருக்கிறது.