குடும்பக் குழு: கொல்லிமலைக்கு முன் வண்டிச் சத்தம்

*செவ்வாய்க்கிழமை*

தமிழ்ச்செல்வி: மாமா, அப்பாவின் மாருதி 800 கொஞ்ச நாளாகச் சத்தம் போடுகிறது. பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், நான்கு சக்கரத்துக்கும் பிரேக், சக்கரம் சுழலும் பேரிங் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை அறப்பளீசுவரர் கோவிலுக்குப் போக இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறோம். என்ன செய்யட்டும்?

முத்துசாமி மாமா: எதையும் மாற்றாதே கண்ணு. முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?

தமிழ்ச்செல்வி: ஓடும்போது முன்பக்கம் 'கீச்ச்' என்று வருகிறது.

முத்துசாமி மாமா: பிரேக்கை மிதித்தால்?

தமிழ்ச்செல்வி: கவனிக்கவில்லை மாமா. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

முத்துசாமி மாமா: அதுதான் முக்கியமான கேள்வி. மிதித்தால் வரும் சத்தம் வேறு, மிதித்தால் நிற்கும் சத்தம் வேறு. பட்டறைக்காரர் இதைக் கேட்காமலே நான்கு சக்கரத்துக்கும் விலை சொன்னால் அந்தப் பட்டறை நமக்கு வேண்டாம்.

கவின்: அக்கா, டயராகவும் இருக்கலாம். டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேய்ந்தால் 'ஊ...' என்று இரைச்சல் வரும்.

தமிழ்ச்செல்வி: அப்படியும் ஒன்று வருகிறது கவின்! வேகம் 40-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து இரைச்சல் எழுகிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முத்துசாமி மாமா: அப்படியானால் நோய் இரண்டு. கீச்சைத் தனியாகவும் இரைச்சலைத் தனியாகவும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள்.

அம்மா: பக்கத்து வீட்டில் சொன்னார்கள் அண்ணா, பிரேக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் கீச்சுச் சத்தம் நின்றுவிடுமாம்.

முத்துசாமி மாமா: தங்கச்சி, அதை மட்டும் செய்துவிடாதே! டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு, பேட் என்பது அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை. பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ எண்ணெய்ப் பசை பட்டால் சத்தம் நிற்கும், கூடவே பிரேக்கும் நிற்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

அம்மா: ஐயோ, சரி அண்ணா. யாரும் தொடமாட்டோம்.

*புதன்கிழமை*

தமிழ்ச்செல்வி: மாமா, பார்த்துவிட்டேன். கீச்சுச் சத்தம் இடது முன் சக்கரத்தில் வருகிறது. சுவரை ஒட்டிய தெருவில் சன்னலை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால் தெளிவாகக் கேட்கிறது. பிரேக்கை லேசாக மிதித்தவுடன் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் வருகிறது.

முத்துசாமி மாமா: நல்ல வேலை செய்தாய். காலையில் எடுத்தவுடன் மட்டும் வந்து, நான்கைந்து முறை பிரேக் பிடித்த பிறகு போய்விடுகிறதா, நாள் முழுக்க இருக்கிறதா?

தமிழ்ச்செல்வி: நாள் முழுக்க.

முத்துசாமி மாமா: அப்படியானால் டிஸ்க்கில் படிந்த இரவுத் துரு இல்லை. மழைக்காலத்தில் வாசலில் நிற்கும் எந்த வண்டிக்கும் அது வரும், தானே போய்விடும். நாள் முழுக்க வந்து, மிதித்தால் நிற்கிறது என்றால், பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. அல்லது பேட் தேய்ந்து முடியப்போகிறது. சில பேடுகளில் சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிட்டால் செலவு பேடோடு போகும். 'கர்ர்ர்' என்று இரும்பு உரசும்வரை விட்டால் டிஸ்க்கும் போகும்.

சரவணன் அண்ணன்: தமிழு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா?

தமிழ்ச்செல்வி: நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் இடப்புறமாகப் போகிறது அண்ணா.

சரவணன் அண்ணன்: அப்போது உரசுகிறதுதான் மாமா. இன்னொன்று பார்க்கச் சொல்லுங்கள், எங்கள் லாரியில் நாங்கள் தாபாவில் நிறுத்தினால் முதலில் பார்ப்பது. கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும். தொடக் கூடாது. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு.

தமிழ்ச்செல்வி: இப்போதே ராசிபுரம் வரை போய்வருகிறேன்.

தமிழ்ச்செல்வி: வந்துவிட்டேன். இடது முன் சக்கரம் அடுப்பு மாதிரி இருக்கிறது. வலது முன் சக்கரம் வெதுவெதுப்புதான். பின்னால் இரண்டும் சூடே இல்லை.

முத்துசாமி மாமா: காலிப்பர் சிக்கியிருக்கிறது, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி அது. காலிப்பர் பின் எனப்படும் இரண்டு கம்பிகளின் மேல் நகர வேண்டும். அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்து, தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் நகராது. நீ காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காரணம் பேடைத் தள்ளும் பிஸ்டனாகவும் இருக்கலாம், கழற்றினால்தான் தெரியும். உள்பக்கப் பேடை அவசியம் பார்க்க வேண்டும். வெளிப்பக்கப் பேடை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "நிறைய இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. உள்பக்கம் காகிதமாகியிருக்கும்.

கவின்: பின்னால் வரும் இரைச்சல்?

முத்துசாமி மாமா: அதற்கு வருகிறேன். தமிழு, ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் 50-ல் போகும்போது கிளட்சை மிதி. இன்ஜின் சத்தம் தாழும். இரைச்சல் அப்படியே இருந்தால் இன்ஜினில் இல்லை, சக்கரப் பக்கம். பிறகு ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் கொஞ்சம் வளை. எந்தப் பக்கம் வளைத்தால் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று கேள். இடப்புறம் திரும்பினால் பாரம் வலப்புறச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது கூடினால் வலப்புறப் பேரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கவின்: டயர் இரைச்சல் என்றால் மாமா?

முத்துசாமி மாமா: டயர் இரைச்சல் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் ஒரு மாதிரி. பேரிங் இரைச்சலுக்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை, வேகத்தைத்தான் பார்க்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார். சத்தமும் இடம் மாறினால் டயர்.

தமிழ்ச்செல்வி: இடப்புறம் வளைத்தால் கூடுகிறது மாமா. வலப்புறம் வளைத்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ரோடு மாறினாலும் மாறவில்லை.

முத்துசாமி மாமா: முழுவதுமாக ஸ்டீயரிங்கைத் திருப்பி யூ டர்ன் அடிக்கும்போது முன்னால் 'டக் டக் டக்' என்று வருகிறதா?

தமிழ்ச்செல்வி: இல்லை.

முத்துசாமி மாமா: நல்லது, முன் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில் ஜாயின்ட் தப்பித்தது. வலது பின் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பள்ளி விடுமுறைதானே? தெரிந்த மெக்கானிக் பையன் ஒருவனை அனுப்புகிறேன். நீயும் கூட நின்று பார். உன் வண்டி, உனக்குத் தெரிய வேண்டும்.

*வியாழக்கிழமை*

முத்துசாமி மாமா: ஜாக் போடுமுன் இதைப் படி. சமதளத்தில் நிறுத்து. பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். அதனால் வண்டியை முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வை. முன் சக்கரத்தைத் தூக்கும்போது இதைத் தலைகீழாகச் செய். நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறுக்கம், பின் சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் கை கால் நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் வேண்டும். இல்லையென்றால் கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து அடியில் தள்ளிவிடுங்கள்.

அம்மா: அண்ணா சொல்வதை அப்படியே செய் தமிழு. நான் வாசலிலேயே நிற்கிறேன்.

தமிழ்ச்செல்வி: பின்னாலிருந்து ஆரம்பித்தோம் மாமா. இடது பின் சக்கரம் சுழற்றினால் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. வலது பின் சக்கரம் சுழற்றினால் 'கரகர' என்கிறது, உள்ளே மணல் இருப்பதுபோல. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது.

முத்துசாமி மாமா: பேரிங்தான். சந்தேகம் வேண்டாம். வலது பின் பேரிங்கை மட்டும் மாற்றச் சொல். பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது, உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவையும் பார்க்கச் சொல். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியக் கூடாது. ஈரம் இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது.

முத்துசாமி மாமா: இன்னொன்று. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. ஷூவின் மேல் இருக்கும் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைக்கச் சொல். எத்தனை பட்டறையில் பையன்கள் முகத்துக்கு நேரே ஊதிக்கொண்டு நிற்கிறார்கள்! பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தமிழ்ச்செல்வி: சொல்லிவிட்டேன் மாமா. ஈரத் துணியோடுதான் செய்கிறார். சிலிண்டர் உலர்ந்திருக்கிறது, ஷூ பாதிக்கு மேல் இருக்கிறது.

தமிழ்ச்செல்வி: இடது முன் சக்கரம் கழற்றியாயிற்று. படம் அனுப்புகிறேன்.

[படம்: பிரேக் பேட்கள் இரண்டு, செய்தித்தாளின் மேல்]

தமிழ்ச்செல்வி: இடதுபுறம் இருப்பது வெளிப் பேட். வலதுபுறம் இருப்பது உள் பேட். ஒரே வண்டியில் ஒரே நாளில் போட்டவை!

கவின்: உள் பேடில் ஒன்றுமே இல்லையே அக்கா. பின்தகடு தெரிகிறது.

சரவணன் அண்ணன்: இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இரும்பும் இரும்பும் உரசியிருக்கும்.

முத்துசாமி மாமா: உள் பேடின் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட அதிகமாகத் தேய்ந்து சரிவாக இருக்கிறது, பார்த்தாயா? கோணலாக நின்று தேய்ந்திருக்கிறது. கீழ்ப் பின்னைக் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்.

தமிழ்ச்செல்வி: கையால் வரவில்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார். முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. மேல் பின் எளிதாக வந்துவிட்டது. பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போகிறது.

முத்துசாமி மாமா: பிஸ்டன் நன்றாக இருக்கிறது, அது நம் அதிர்ஷ்டம். பின்னையும் அதன் ரப்பர் உறையையும் மாற்றிவிடு. புதுப் பின்னுக்குப் போடும் கிரீஸ் சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இல்லை. பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதிப் பெருக்கிவிடும், அந்தப் பின் மறுபடியும் சிக்கும். பிரேக்குக்கென்று சிலிக்கான் கிரீஸ் விற்கிறது. அதைப் பின்னில் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும்.

தமிழ்ச்செல்வி: டிஸ்க்?

முத்துசாமி மாமா: விரல் நகத்தை டிஸ்க்கின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழு. ஆழமான கோடுகளில் நகம் மாட்டுகிறதா?

தமிழ்ச்செல்வி: வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் சின்ன வரம்பு.

முத்துசாமி மாமா: அது தேய்மானம், இருக்கத்தான் செய்யும். தடிமனை அளந்து, கம்பெனி சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தால் அப்படியே போடலாம். லேத்தில் கடைய வேண்டியதில்லை. பேட் மட்டும் வலது முன் சக்கரத்துக்கும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும்.

கவின்: அப்படியானால் அந்தப் பட்டறை சொன்னதில் பேட் மாற்ற வேண்டும் என்பது சரிதானே மாமா?

முத்துசாமி மாமா: பேட் மாற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் சிக்கிய பின்னைப் பார்க்காமல் பேட் மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பேடும் இதே போலத் தேய்ந்து ஆறு மாதத்தில் மறுபடியும் வாசலில் நிற்கும். நன்றாக இருக்கும் மூன்று பேரிங்குகளுக்கும் காசு வாங்கியிருப்பார்கள்.

சரவணன் அண்ணன்: மாமா, பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். சித்தப்பா இருந்தபோது மாற்றியதுதான் கடைசி.

முத்துசாமி மாமா: நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். தமிழு, பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வரும். மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது?

தமிழ்ச்செல்வி: டாட் 3. ஆயில் காப்பிக் கஷாய நிறத்தில் இருக்கிறது.

முத்துசாமி மாமா: முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல். சீல் உடைக்காத டப்பா வாங்கு. நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும்.

*வெள்ளிக்கிழமை*

தமிழ்ச்செல்வி: மாமா, கீச்சும் இல்லை, இரைச்சலும் இல்லை! பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறது. 60-ல் போகும்போது நானும் அம்மாவும் சாதாரணக் குரலில் பேச முடிகிறது.

அம்மா: அவர் ஓட்டியபோது இருந்த மாதிரியே இருக்கிறது அண்ணா.

முத்துசாமி மாமா: சந்தோஷம் தங்கச்சி. புதுப் பேட் படிய முதல் இருநூறு கிலோமீட்டர் திடீரென்று அழுத்திப் பிடிக்காமல் ஓட்டு கண்ணு. சக்கர நட்டுகளையும் ஒரு முறை ஸ்பேனர் போட்டு எதிரெதிராக இறுக்கிப் பார்.

சரவணன் அண்ணன்: கொல்லிமலையில் இறங்கும்போது எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பெரும்பாலும் இரண்டு, வளைவில் ஒன்று. நியூட்ரலில் ஒருபோதும் விடாதே. பிரேக்கை விட்டு விட்டுப் பிடி.

தமிழ்ச்செல்வி: சரி அண்ணா. மாமா, ஒன்றே ஒன்று. வண்டியைக் கையால் தள்ளினால் முன்னைவிடக் கனமாக இருக்கிறது. இடது பின் சக்கரத்தில் லேசாக 'உஷ், உஷ்' என்று உரசுகிறது.

முத்துசாமி மாமா: ஷூவை டிரம்மோடு நெருக்கி அட்ஜஸ்ட் செய்திருப்பான். ஓட்டி நிறுத்தியபின் அந்தச் சக்கரம் சூடாக இருக்கிறதா?

தமிழ்ச்செல்வி: கொஞ்சம் சூடுதான்.

முத்துசாமி மாமா: படிந்துவிடும் என்று அவன் சொன்னாலும் கேட்காதே. சூடு இருந்தால் பிடிக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் கேபிளையும் சேர்த்துப் பார்த்து, சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்குத் தளர்த்தச் சொல். அதன் பிறகு ஹேண்ட்பிரேக் மேட்டில் வண்டியை நிறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு வா. ஆடிப் பதினெட்டு அன்று காரவள்ளியில் காத்திருக்கிறேன். ஏறுமுன் நான்கு சக்கரத்தையும் நானே ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

தமிழ்ச்செல்வி: சரி மாமா. பையனுக்குப் போன் செய்துவிட்டேன், பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.